பூண்டு, எட்டி, மரிக்கொழுந்து

பூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நமக்கு ரசத்தின் வாசனைதான் வருகிறது. வெள்ளைப் பூண்டு என்பதில் வெள்ளை உதிர்ந்துபோய், மிஞ்சிய பூண்டு ஒரே ஒரு பொருளை மட்டும் சுட்டிக்கொண்டு சமையலறையில் நிற்கிறது. முன்பு அப்படியில்லை. மரமென்றும் கொடியென்றும் சொல்ல முடியாத, ஒரு மழைக்கு முளைத்து ஒரு கோடைக்குக் காய்கிற சிறு செடி எதுவானாலும் அது பூண்டுதான். தமிழ் லெக்ஸிகனைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'பூடுவகை' என்று பொருள் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பூடும் இந்தப் பூண்டும் ஒன்றுதான். பழைய விரிந்த பொருள் பேச்சில் இன்னும் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: புல் பூண்டு முளைக்காத தரை, பூண்டோடு அழிந்த குடும்பம். இரண்டுமே இல்லாமல் போனதைச் சொல்லும் தொடர்கள் என்பது கவனிக்கத்தக்கது. இருக்கிற செடியைச் சொல்ல அந்தச் சொல் இப்போது உதவுவதில்லை. செடி இல்லாததைச் சொல்லத்தான் உதவுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான சரித்திரம் ஒன்று உண்டு. 'வொர்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் செடிக்கும் மூலிகைக்கும் பொதுப்பெயர். வேர் என்ற பொருளுள்ள 'ரூட்' என்ற சொல்லுக்கு அது உறவு. நம்முடைய மூலிகை என்ற சொல்லும் மூலத்திலிருந்து, அதாவது வேரிலிருந்து, வந்ததுதான். மருந்துக்காகச் செடியைத் தேடிப்போனவன் எந்த நாட்டிலும் முதலில் குனிந்து தோண்டியிருக்கிறான் என்பதற்கு இந்தச் சொற்கள் சாட்சி. 1066-க்குப் பின் இங்கிலாந்தில் பிரெஞ்சும் லத்தீனும் ஏறி உட்கார்ந்தன. 'வொர்ட்' தனியாக நிற்கும் சக்தியை மெல்ல இழந்தது. மக்வொர்ட், லங்வொர்ட், லிவர்வொர்ட் என்று பிற சொற்களின் வாலாக மட்டும் அது பிழைத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதி 1884-லிருந்து 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தபோது, வழக்கொழிந்த சொற்களின் தலைமாட்டில் ஒரு சிறிய கத்திக் குறியைப் போட்டார்கள். சொல் செத்துவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. நம் நிகண்டுகளில் அப்படியொரு குறி கிடையாது. அங்கே எல்லாச் சொற்களும் உயிரோடு இருப்பதாகத்தான் பாவனை.

*

பூண்டு சுருங்கிய சரித்திரத்தைத் துல்லியமாகப் பார்க்கக் கிடைக்கும் இடம், நம் இலக்கியவாதிகள் அதிகம் புரட்டாத ஒரு புத்தகம்: தமிழ் பைபிள்.

சபைகளில் பழைய மொழிபெயர்ப்பு என்று வழங்குவது ஹென்றி பவர் முதலியோர் திருத்தி 1871-ல் நிலைபெற்ற பாடம். அதன் அடியில் பப்ரிஷியஸின் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் கிடக்கிறது. அதற்கும் அடியில் தரங்கம்பாடியில் 1715-ல் அச்சேறி முடிந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு. லூக்கா பதினோராம் அதிகாரத்தில் பரிசேயரைக் கண்டிக்கும் இடம் வருகிறது. தோட்டத்துக் கீரைக்கும் இலைக்கும்கூட பத்தில் ஒரு பங்கு எண்ணிக் கொடுக்கிறவர்கள், நியாயத்தைக் கோட்டைவிட்டுவிட்டார்கள் என்பது கண்டனம். மூலத்தில் வருகிற இலைகள் இரண்டு: புதினாவும் 'ரூ' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் கசப்புச் செடியும். பழைய தமிழ்ப் பாடத்தில் இவை 'ஒற்தலாம்' என்றும் 'மரிக்கொழுந்து' என்றும் இருக்கின்றன. மற்றவை 'சகலவித பூண்டுகள்'.

ஒற்தலாம் தமிழல்ல, வடமொழியுமல்ல. போர்ச்சுகீசிய மொழியில் புதினாவுக்கு உள்ள பெயரான 'ஒர்த்தலாவ்' என்பதன் தமிழ் உருவம். கடற்கரை ஊர்களில் போர்ச்சுகீசியம் வியாபார பாஷையாகப் புழங்கிய காலம் அது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் இறங்கியவைதான். அவை வீட்டுக்குள் வந்து தமிழாகிவிட்டன. ஒற்தலாம் கரையிலேயே நின்றுவிட்டது. அதைச் சட்னி அரைத்தவர் யாருமில்லை, சந்தையில் கட்டுக் கட்டாய் விலை பேசியவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் மட்டும் ஒரு சொல் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது. வேதப் புத்தகத்தில் இருக்கிறது என்ற ஒரே பலம் அதற்கு.

மரிக்கொழுந்து விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 'ரூ' என்பது நம் ஊருக்குப் புதியதல்ல. அருவதா என்றும் சதாப்பு என்றும் தமிழில் பெயருள்ள செடி. சதாப்பு என்பதே அரபியிலும் பாரசீகத்திலும் இருக்கும் 'சதாப்' என்ற பெயரின் வழி வந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் சதாப்பு இலைக்கு இன்றும் வேலை உண்டு. மதுரை மாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் உலர்ந்த இலையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆனால் மொழிபெயர்த்தவர்கள் அந்தக் காட்டமான இலையை விட்டுவிட்டு, பூக்காரியின் கூடையிலிருந்து மரிக்கொழுந்தை எடுத்து வைத்துவிட்டார்கள். மத்தேயுவில் இதே கண்டனம் வேறு இலைகளோடு வருகிறது. அங்கே சதகுப்பை இருக்க வேண்டிய இடத்தில் வெந்தயம். வெளிப்படுத்தின விசேஷத்தில் தண்ணீரைக் கசப்பாக்கும் நட்சத்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'வொர்ம்வுட்' என்ற செடியின் பெயர். தமிழில் அது எட்டி.

இவற்றைப் பிழை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். எட்டியைப் பொறுத்தவரை அது பிழையல்ல என்றே நினைக்கிறேன். வொர்ம்வுட் தாவரவியல்படி மாசிப்பச்சைக்கும் மரிக்கொழுந்துக்கும் அண்ணன் தம்பி முறை. அதை அப்படியே மாசிப்பச்சை என்று போட்டிருந்தால், சித்திரைத் திருவிழா மாலையின் மணம்தான் நட்சத்திரத்திலிருந்து விழுந்திருக்கும். செடி சரியாக இருந்து பயம் போயிருக்கும். எட்டி வேறு செடிதான், குலமும் வேறு. ஆனால் தமிழன் நாக்கில் கசப்புக்கும் சாவுக்கும் அதுதான் பெயர். இங்கே மொழிபெயர்ப்பாளன் செடியைக் கைவிட்டுப் பயத்தைக் காப்பாற்றினான். மரிக்கொழுந்தில் இரண்டுமே போயின. இரண்டு காரியத்தையும் ஒரே புத்தகம் செய்திருக்கிறது. மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் அரங்குகளில் பேசுவதையெல்லாம்விட இந்த இரண்டு இலைகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

1995-ல் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு வந்தது. அதில் ஒற்தலாம் புதினாவாகிவிட்டது, நியாயந்தான். மரிக்கொழுந்து கறிவேப்பிலையாயிற்று. சகலவித பூண்டுகள் 'கீரைகள்' ஆயின. கடைசி மாற்றம்தான் முக்கியம். பூண்டுகள் என்று விட்டிருந்தால் பரிசேயர்கள் வெள்ளைப் பூண்டில் வகை வகையாகப் பயிரிட்டார்கள் என்று வாசகன் எண்ணிக்கொள்வான். 1871-க்கும் 1995-க்கும் இடையில் ஒரு சொல் குறுகியதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கறிவேப்பிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவரவியலில் 'ரூ' செடியின் பெயரிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது, ரூட்டேசி என்று. எலுமிச்சை, வில்வம், விளா எல்லாம் அதில் சேர்ந்தவை. கறிவேப்பிலையும் அதில்தான். சொந்தச் செடியைத் தவறவிட்டு, தெரிந்தோ தெரியாமலோ ஒன்றுவிட்ட உறவைப் பிடித்திருக்கிறார்கள்.

*

நிகண்டுகளிடம் போவோம். திவாகரத்தில் நான்காவது தொகுதி மரப்பெயர்த் தொகுதி. பிங்கலத்தில் ஒன்பதாவது வகை மரப்பெயர் வகை. பதினாறாம் நூற்றாண்டில் மண்டல புருடர் சூடாமணியை விருத்தத்தில் பாடியதால் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை நெட்டுருப் போட முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை படித்தவன் என்றால் நிகண்டு தெரிந்தவன்.

ஆனால் வேம்புக்கு நிம்பம், பிசுமந்தம், அரிட்டம் என்று பெயர் கற்ற பையன் வேம்பைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பிசுமந்தக் குச்சியால் பல் தேய்த்தவன் தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டான். இந்தப் பெயர்கள் அமரகோசத்தின் வழியில் வந்து, செய்யுளில் எதுகைக்கும் சீருக்கும் உதவியவை. ஒரு சொல் எந்த ஊரில் யார் வாயில் வழங்கியது, எப்போது நின்றது என்ற கேள்வியே நிகண்டில் எழுவதில்லை. எல்லாப் பெயர்களும் ஒரே வரிசையில், ஒரே கூலிக்கு நிற்கின்றன.

தொல்காப்பியர் இதில் கெட்டிக்காரர். உரியியலில், எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விளக்க வேண்டியதில்லை, தெரியாததை மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். அதாவது அவர் காலத்திலேயே சொற்கள் மங்கத் தொடங்கியிருந்தன, அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. மரபியலில் வெளியே வயிரம் உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்று பிரிக்கிறார். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். வாடிப்பட்டித் தோப்புக்காரரிடம் உங்கள் தென்னை ஒரு புல் என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் இன்றைய தாவரவியல் மூங்கிலைப் புல்லின் குடும்பத்தில்தான் வைக்கிறது, பனையையும் தென்னையையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது. புல் என்ற சொல்லும் பூண்டைப் போலவே ஒரு பெரிய வீட்டிலிருந்து சிறிய அறைக்குக் குடிபோன சொல்.

குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களை எடுத்துக்கொள்ளலாம். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது மரபு. மரபை நம்பினால் இந்தப் பட்டியல் அந்நியனுக்கு நடத்திய ஒரு பாடம். ஆனால் பாட்டுக்குள்ளே பூக்களைப் பறிப்பவர்கள் தினைப்புனம் காக்கும் பெண்கள். கை போன போக்கில் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். பெயர் அவர்களுடையது, பட்டியல் புலவனுடையது. 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட முனைந்தபோது சுவடிகளில் அந்தப் பூக்களின் இடமே சிதைந்திருந்தது. விடுபட்ட பகுதி பிறகு தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் கிடைத்தது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 'உதிர்ந்த மலர்கள்' என்று தலைப்பு. அவர் மீட்டுக் கொடுத்தவை பெயர்கள். அந்தப் பெயர்களில் சில எந்தச் செடிக்கு உரியவை என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உழிஞையையே பாருங்கள். அது முடக்கொத்தான் என்பார் உண்டு, கொற்றான் என்பாரும் உண்டு. முடக்கொத்தான் வேலியில் ஏறும் பச்சைக் கொடி, தோசைக்கு அரைக்கிறோம். கொற்றான் இலையில்லாமல் நூல்போல் மற்றச் செடிமேல் படர்ந்து உறிஞ்சுவது. கோட்டையை வளைக்கும் வீரன் எதைச் சூடினான் என்பதில் படிமமே மாறிவிடுகிறது. ஒன்றில் அவன் ஏறுகிறவன், மற்றதில் உறிஞ்சுகிறவன்.

*

பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுகளின் அகராதிக்காரர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்தே வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பலர் கைமாறிய உழைப்பு வின்சுலோவின் பெயரில் 1862-ல் சென்னையில் வெளிவந்தது. அறுபத்தேழாயிரம் சொற்களுக்கு மேல் அதில் உண்டு. தமிழ் லெக்ஸிகனின் வேலை 1913-ல் நம் மதுரையில்தான் ஆரம்பித்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் முதல் பதிப்பாசிரியர். பின்னர் அலுவலகம் சென்னைக்குப் போய், வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் 1936-ல் முடிந்தது, அநுபந்தம் 1939-ல். செடிப் பெயர்களுக்கு லத்தீன் பெயர் கொடுத்து, செடியையும் சொல்லையும் மறுபடி முடிச்சுப் போட அதில் முயன்றிருக்கிறார்கள். சித்த வைத்தியத்துக்கென்று தனியாக ஒரு பேரகராதி செய்தவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல் துறையில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய அகராதி 1931-லிருந்து வரத் தொடங்கியது. 1953-ல் அவர் இறந்தபோது பெரும்பகுதி அச்சேறாமல் கிடந்தது. மீதியை அரசு பின்னர் வெளியிட்டது. பகலில் ஆபீஸ், இரவில் சொற்கள் என்று வாழ்ந்த ஒருவர்மேல் எனக்குத் தனிப்பட்ட மரியாதை உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

வங்கியில் செயல்படாத கணக்குகள் என்று ஒரு வகை உண்டு. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு அந்தப் பட்டியலுக்குப் போகும். பத்து வருஷமானால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் பணம் அழிவதில்லை. உரியவர் அடையாளத்தோடு வந்தால் கொடுத்தாக வேண்டும். அகராதியில் இருக்கும் செடிப் பெயர்களும் இப்படித்தான். தொகை பத்திரமாக இருக்கிறது. இலையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்னது என்று அடையாளம் காட்டுகிற ஆள்தான் வர வேண்டும். அந்த ஆள் இறந்த பிறகு கணக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆள் உயிரோடு வந்து நின்றபோது நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை பார்த்த நாட்களில் ஒரு விவசாயி பயிர்க்கடனுக்கு வந்தார். என்ன போட்டிருக்கிறீர்கள் என்றேன். 'கண்வலிங்க' என்றார். எனக்குப் புரியவில்லை. விதை மருந்துக் கம்பெனிக்குப் போகுதுங்க, கொடி, பந்தல்ல ஏத்தி விடணும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் விண்ணப்பத்தில் 'மருந்துப் பயிர்' என்று எழுதினேன். அன்று இரவுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பவையெல்லாம் ஒன்று. அதுதான் காந்தள். பி.ஏ. படித்த காலத்திலிருந்து சங்கப் பாட்டுகளில் பெண்களின் விரலுக்கு உவமையாக நான் வாசித்து மயங்கிய அதே பூ. கோல்சிசின் எடுப்பதற்காக அதன் விதை வெளிநாடு போகிறது. காந்தள் என்ற சொல் சாகவில்லை. மாநிலத்தின் மலராகவும் ஆகிவிட்டது. ஆனால் காந்தள் என்று சொல்கிறவன் அதைப் பயிரிடுவதில்லை, பயிரிடுகிறவர் காந்தள் என்று சொல்வதில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த நான் இரண்டு பெயரையும் அடித்துவிட்டு ஒரு பொதுச் சொல்லை எழுதினேன்.

*

இதனால் பழைய சொற்களை எல்லாம் மீட்டெடுப்போம் என்று கோஷம் போட நான் வரவில்லை. ஆஸ்வால்டு காக்கெயின் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் 1864-லிருந்து 1866 வரை ஆங்கிலோ சாக்ஸன் மருத்துவச் சுவடிகளை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். தலைப்பில் 'லீச்டம்ஸ்', 'வொர்ட்கன்னிங்' என்று பழைய வேர்ச்சொற்களை வேண்டுமென்றே நிறுத்தினார். வைத்தியன் என்ற பொருளில் இருந்த 'லீச்' இன்றைய காதில் அட்டைப்பூச்சி. பதிப்பு நிலைத்தது, சொற்கள் திரும்பி வரவில்லை. சொல்லைத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தால் அது கண்காட்சிப் பொருளாகுமே தவிர, பேச்சாகாது. நம்மிடையே தனித்தமிழ் வாத்தியார்கள் செய்ததும் பெரும்பாலும் இதுதான்.

ஆக்ஸ்போர்டு சிறுவர் அகராதியின் 2007-ஆம் வருஷப் பதிப்பில் ஓக் மரக்கொட்டை, பட்டர்கப் பூ போன்றவற்றின் பெயர்களை எடுத்துவிட்டு பிராட்பேண்டு, பிளாக் முதலியவற்றைச் சேர்த்தார்கள். 2015-ல் மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட எழுத்தாளர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். குழந்தைகள் வாயில் வழங்குவதைத்தானே போட முடியும் என்பது பதிப்பகத்தின் கட்சி. எனக்கு இரண்டு கட்சியிலும் நியாயம் தெரிகிறது. அகராதி கொல்வதில்லை, மரணப் பதிவேடு எழுதுகிறது. ஆனால் பதிவேடு எழுதுகிறவன் நாடி பார்த்தானா என்று கேட்கும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டு.

அந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் கவிதையில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று மரபுக் கவிராயரின் நோய்: தொட்டறியாத பூவைப் பெயர் சொல்லி அடுக்குவது, நிகண்டையே நந்தவனமாக நினைத்துக்கொள்வது. அதைக் கிண்டல் செய்து ஒழித்தோம். இரண்டாவது நம்முடையது. நம் புதுக்கவிதையில் அடிக்கடி 'பெயர் தெரியாத பூ' ஒன்று பூக்கிறது, 'ஏதோ ஒரு செடி' காற்றில் ஆடுகிறது. ஆரம்பத்தில் இதில் ஒரு நேர்மை இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னோம். இன்று அது வசதியாகிவிட்டது. பெயர் தெரியாத செடி என்பது செடியைப் பற்றிய செய்தியல்ல, கவிஞனைப் பற்றிய செய்தி. களை எடுக்கிற பெண்ணுக்கு அதன் பெயர் தெரியும், ஆடு மேய்க்கிறவருக்கு அதை ஆடு தின்னுமா என்பதும் தெரியும். செடிக்குப் பெயரில்லை என்று எழுதும்போது அவர்களுக்கு வாயில்லை என்று சேர்த்து எழுதிவிடுகிறோம். எட்டியைத் தேர்ந்தெடுத்த மொழிபெயர்ப்பாளன் குறைந்தபட்சம் கேட்பவனின் நாக்கை நினைத்துக்கொண்டான்.

கல்லூரியில் ஹாம்லெட் நடந்தபோது, பித்துப்பிடித்த ஓபீலியா இலைகளைப் பங்கிடும் காட்சியில், 'ரூ' என்பதற்குக் கசப்பான ஒரு மூலிகை என்று குறிப்பெழுதிக்கொண்டேன். அதே உச்சரிப்பில் வருந்துதல் என்று வேறொரு சொல் இருப்பதால் சிலேடை என்றும் எழுதினேன். பரீட்சைக்கு அது போதும். அந்தக் காட்சியில் நல்ல மணம் வீசுவதாகவே பல வருஷம் கற்பனை செய்துகொண்டிருந்தேன். சென்ற மாதம் வாடிப்பட்டியில் எங்கள் தெருவில், ஒரு வீட்டுச் சுவரோரம் உடைந்த மண்பானையில் சாம்பல் பச்சையாக ஒரு செடி நின்றது. இது என்ன செடி அக்கா என்று கேட்டேன். 'சதாப்பு தம்பி, பிள்ளைக்கு வச்சிருக்கேன்' என்று ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் கையில் வைத்தார். காட்டமான, தலையைப் பின்னுக்கு இழுக்கச் செய்கிற நெடி. ராணியின் கையில் அவள் கொடுத்தது இதைத்தான். தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள். அந்த நெடி விரலைவிட்டுப் போக சாயங்காலமாயிற்று.